தொப்பியின் குற்றங்கள்

பிப்ரவரி 3, திங்கள்

இந்தத் தொப்பியின் குற்றங்களை எழுதிவைப்பதற்காகவே இன்று கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். டாக்டர் அருணகிரி ஒரு படிவம் தந்திருக்கிறார். அதில் கட்டம் கட்டமாகக் கேள்விகள் இருக்கின்றன. என் எரிச்சலுக்குக் கட்டம் இல்லை.

விஷயம் இதுதான். வலிப்பு நோய் உள்ள குழந்தைகளின் மூளை அலைகளை வீட்டிலேயே பதிவு செய்யும் தொப்பி ஒன்று வந்திருக்கிறது. மெத்தென்ற துணி, உள்ளே எட்டு உலோகப் பொத்தான்கள், பின்மண்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அது போனுக்கு அனுப்பும், போன் எங்கள் கணினிக்கு அனுப்பும், கணினி தானாகவே 'இன்று இத்தனை வலிப்பு' என்று எண்ணிச் சொல்லும். செய்தவள் ஷிஃபானா என்ற இருபத்தாறு வயதுப் பொறியாளர். பன்னிரண்டு குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்து அது சொல்வது சரிதானா என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

கோயம்புத்தூரில் இந்த ஆஸ்பத்திரியில் இருபத்து நான்கு வருடமாகக் குழந்தைகளின் தலையில் பசை தடவி, இருபத்தொரு ஒயரை ஒட்டி, கோடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாலும் நெற்றியில் வழிய வழிய வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அந்தத் தலைகளை அலசி அலசியே என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. இப்போது ஒரு தொப்பி வந்து என் வேலையைச் செய்யுமாம். செய்யட்டும், பார்க்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

மூன்று குழந்தைகள் முடிந்தன. தொப்பி இதுவரை ஒரு தப்பும் செய்யவில்லை. நோட்டு காலியாக இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

நான்காவது குழந்தை வர்ணிகா. பத்து வயது, சோமனூர்ப் பக்கம் ஊர். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் வருவதற்கு இருபது நாள் ஆகிறது. அம்மா துளசிமணி வீட்டோடு ஒட்டிய குடோனில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறாள்.

வர்ணிகாவுக்குக் கை கால் இழுக்கும் வலிப்பு கிடையாது. பேசிக்கொண்டே இருக்கும்போது ஐந்து பத்து நொடி அப்படியே நின்றுவிடும் வகை. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். இரண்டாம் வகுப்பில் இது நாளைக்கு முப்பது நாற்பது தடவை வந்திருக்கிறது. கவனிக்காத பிள்ளை என்று டீச்சர் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு வருடப் படிப்பு போயேபோய்விட்டது. மாத்திரை ஆரம்பித்ததும் நின்றது. வருகிற ஏப்ரலோடு ஒன்றுகூட வராமல் இரண்டு வருடம் முடிகிறது. அப்படி முடிந்தால் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரையால் முடி கொட்டுகிறது, உடம்பு ஊதுகிறது, கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். தாய்க்கும் மகளுக்கும் ஏப்ரலைத் தவிர வேறு மாதமே தெரியாதுபோல் இருக்கிறது.

துளசிமணி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, நேரம், எத்தனை எண்ணும்வரை நின்றாள் என்று எழுதியிருக்கிறாள். கடைசி இரண்டு வருடமும் தேதிக்கு நேரே 'இல்லை', 'இல்லை' என்றே போகிறது. காட்டினாள், பார்த்ததுபோலத் தலையாட்டினேன். அம்மாக்களின் கணக்கை நான் நம்புவதில்லை. பயந்த அம்மா கொட்டாவியையும் வலிப்பு என்பாள். ஆசைப்பட்ட அம்மா வலிப்பையும் கொட்டாவி என்பாள். இவள் ஆசைப்பட்ட ரகம். போதாததற்கு என்னை சிஸ்டர் என்று கூப்பிடுகிறாள். நான் நர்ஸ் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். 'சரீங்க சிஸ்டர்' என்கிறாள்.

பிப்ரவரி 12, புதன்

மூன்று நாளும் வர்ணிகாவின் தலையில் என் ஒயர்களும் ஷிஃபானாவின் தொப்பியும் சேர்ந்தே இருந்தன. காகிதக் காற்றாடியை மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னோம். இந்த வகை வலிப்பு இருந்தால் அப்படி ஊதும்போது பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லை. என் மெஷினும் பூஜ்யம், தொப்பியும் பூஜ்யம். காற்றாடியை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிப் பொருள் என்றேன். பிறகு கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வர்ணிகா தொப்பியோடு வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம். பள்ளிவிட்டு வந்ததும் மாட்டிக்கொண்டு படுக்கும்வரை போட்டிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க.

பிப்ரவரி 15, சனி

காலையில் கணினியைத் திறந்தால் வர்ணிகாவுக்கு நேரே அறுபத்தொன்று. நேற்று ஒரு மாலைக்குள் அறுபத்தொரு வலிப்பு. அதற்கு முதல் நாள் நாற்பத்து நான்கு. ஷிஃபானாவுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. வீட்டில் அம்மா பார்க்காததையெல்லாம் தொப்பி பார்த்திருக்கிறது, இதற்குத்தானே இதைச் செய்தோம் என்றாள்.

துளசிமணிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் தறிச் சத்தம் காதை அடைத்தது. கத்திக் கத்திக் கேட்டேன். ஒன்றுகூட வரவில்லை என்று அவளும் கத்தினாள். அந்தச் சத்தத்துக்குள் நான்கு தறியைப் பார்க்கிற பெண் பிள்ளையை எங்கே பார்த்திருக்கப்போகிறாள்.

பதிவைத் திறந்து பார்த்தேன். ஒரு முள், ஒரு மேடு, ஒரு முள், ஒரு மேடு, நொடிக்கு மூன்று. பாடப்புத்தகத்தில் போடலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தேன். நாளை திண்டுக்கல்லில் தங்கை மகளுக்கு வளைகாப்பு.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏழு வகைச் சாதம். புளியோதரை மட்டும் தேறியது. எனக்கு வளையல் கை கொள்ளாமல் போட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

டாக்டர் துளசிமணியை வரவழைத்து விளக்கினார். அம்மா கண்ணில் படாமல் வலிப்பு வந்துகொண்டிருக்கிறது, இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்க்க வேண்டும், ஏப்ரலில் குறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "ஒண்ணுகூட வர்லீங்களே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நோட்டை எடுக்கப்போனாள். அதெல்லாம் வேண்டாம்மா, மெஷினே சொல்லிவிட்டது என்றேன். கட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டாள். வர்ணிகா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்போ ஏப்ரல் எப்போ வரும் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு பூஜ்யம். பிள்ளை விளையாடிக் களைத்து ஓய்வெடுத்திருக்கும், அப்படி நாள்களும் உண்டு.

பிப்ரவரி 20, வியாழன்

துளசிமணி போன் செய்தாள். புது மாத்திரை போட்டதிலிருந்து பிள்ளை தூங்கி வழிகிறாளாம். நேற்று கணக்குப் பரீட்சையில் பெயரை எழுதிவிட்டுத் தாள்மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டாளாம். டீச்சர் வெறும் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மாத்திரையைக் கொடுக்காமல் இருந்தாயா என்று கேட்டேன். "குடுத்துட்டுத்தானுங்க சொல்றேன்" என்றாள்.

முதல் வாரம் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன். கணக்கும் இறங்கிக்கொண்டு வருகிறது. ஐம்பது, முப்பத்தேழு, இருபத்தாறு. மருந்து கேட்கிறது என்று டாக்டருக்குத் திருப்தி.

பிப்ரவரி 22, சனி

எட்டாவது குழந்தை பெட்டியின் ஒயரைக் கடித்துவிட்டது. தொப்பியின் குற்றமில்லை, குழந்தையின் குற்றம். ஐந்தாவது குழந்தைக்குத் தொப்பி ஒரு வலிப்பை அழகாகப் பிடித்துக் காட்டியது. நானே பார்த்திருந்தால் இன்னும் இரண்டு தடவை யோசித்திருப்பேன். ஷிஃபானாவிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் மேடம் என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

வர்ணிகாவுக்குத் திங்களும் பூஜ்யம், செவ்வாயும் பூஜ்யம். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் பூஜ்யம்.

துளசிமணி இன்று போனில் மன்னிப்புக் கேட்டாள். அவர்கள் ஊரில் டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாள் கரண்ட் இல்லை, போனைச் சார்ஜ் போட மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது, அதனால் பதிவு தாமதமாக வந்திருக்கும் என்றாள். அதுவரை நான் வேறு வேலையில் கண்ணை வைத்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாமல் தறி எப்படி ஓடும் என்று சும்மா கேட்டேன். ஓடவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஓடுமா என்றேன். "லீவுங்க சிஸ்டர்."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். தறி நிற்கிற நாள்தான் பூஜ்யம். கரண்ட்டால் கோட்டில் வரும் நடுக்கம் எனக்குத் தெரியும். அது நொடிக்கு ஐம்பது, பார்த்தாலே சொல்லிவிடலாம். நொடிக்கு மூன்று எங்கிருந்து வரும். நாளைக்கு ஷிஃபானாவையும் கூட்டிக்கொண்டு சோமனூர் போகிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். விட்டுவிட்டால் பிறகு எனக்கே சாதகமாக எழுதத் தோன்றும்.

நாங்கள் போனபோது மாலை நான்கரை. குடோனுக்குள் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் துளசிமணி தூரத்தில் நின்ற வேலைக்காரப் பெண்ணோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். குரலே எடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்து. அந்தப் பெண்ணும் அப்படியே பதில் சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். தறிக் குடோனில் எல்லாரும் இப்படித்தானாம், வாயைப் பார்த்துத்தான் பேச்சு. வர்ணிகா பள்ளியிலிருந்து வந்ததும் குடோனின் அந்தக் கோடியில் நின்று உதட்டை அசைத்தாள். நான்கு தறிக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா தலையாட்டினாள். என்ன கேட்டாள் என்றேன். பசிக்கிறதாம், இன்றைக்கு இங்கிலீஷ் மிஸ் வரவில்லையாம், செருப்பு வார் அறுந்துவிட்டதாம்.

அந்தச் சத்தத்துக்குள் பிள்ளையை எங்கே பார்த்திருக்கப்போகிறாள் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். இவர்களுக்குப் பிள்ளையோடு பேசுவதே பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுதான். என் இருபத்து நான்கு வருடத்தில் ஒரு குழந்தையின் முகத்தை இப்படி நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் கோடு.

பிறகு வர்ணிகா தொப்பியை மாட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். குடோனுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரோரம் பாய், மடியில் சமூக அறிவியல் புத்தகம். குனிந்து ஒரு வரி படிப்பாள். கண்ணை மூடித் தலையைப் பின்னால் சுவரில் சாய்த்து அந்த வரியை மனப்பாடமாகச் சொல்வாள். மறுபடி குனிந்து அடுத்த வரி. ஷிஃபானா போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்தாள். வர்ணிகா தலையைச் சாய்க்கும்போதெல்லாம் எண் ஒன்று கூடியது.

நான் சுவரில் கைவைத்தேன். மறுபக்கத் தறி சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அதன் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பத்து நொடிக்கு இருபத்தெட்டு அடி. நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடா போய் மோதும்போது ஒரு முள், தறி அதிர்ந்து அடங்கும்போது ஒரு மேடு. பின்மண்டைப் பெட்டிதான் எட்டுப் பொத்தானும் அளப்பதற்கு அடிப்படை, அது ஆடினால் எட்டுக் கோடும் சேர்ந்து ஆடும்.

வர்ணிகாவிடமிருந்து தொப்பியை வாங்கி என் தலையில் மாட்டினேன். கொண்டையை அவிழ்க்கவேண்டியிருந்தது. பாயில் உட்கார்ந்து அவள் புத்தகத்தை வாங்கி, அவளைப்போலவே குனிந்து படித்து, சாய்ந்து ஒப்பித்தேன். சேரர்களின் துறைமுகம், சோழர்களின் துறைமுகம். பத்து நிமிடத்தில் எனக்கு ஏழு வலிப்பு வந்திருப்பதாகப் போன் சொன்னது. வர்ணிகா சிரித்த சிரிப்பில் அம்மா தறியை விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஷிஃபானாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அறுபத்தொரு வலிப்பு என்றால் அந்தப் பிள்ளை அறுபத்தொரு வரி மனப்பாடம் செய்திருக்கிறாள். இரண்டாம் வகுப்பில் இழந்த வருடத்தைப் பிடிக்க வேண்டும் என்று விழுந்து விழுந்து படித்திருக்கிறாள். நாங்கள் அதற்கு மருந்து கொடுத்தோம். மருந்தில் தூங்கினாள், படிக்கவில்லை, எண்ணிக்கை இறங்கியது. மருந்து கேட்கிறது என்றோம்.

அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டேன். இரண்டாவது மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னார். துளசிமணியின் இரண்டு கையையும் பிடித்து, உன் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் சுவர், ஏப்ரலில் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொன்னேன்.  அவள் உதடு குரல் இல்லாமல் அசைந்ததுபோல் இருந்தது. அதற்குள் உள்ளே நூல் அறுந்து ஒரு தறி நின்றது, ஓடிவிட்டாள். சந்தோஷத்தில் வாய் அடைத்துப்போயிருக்கும்.

பிப்ரவரி 28, வெள்ளி

இது தொப்பியின் குற்றங்களுக்கான நோட்டு. இருந்தாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு அறுபத்தொன்றில் நான் திறந்து பார்த்தது மூன்று. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எட்டுக் கோடும் ஒரே உயரத்தில் ஆடுவதை இன்னும் நான்கு பார்த்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். குறிப்புக் கட்டத்தில் நான் எழுதிய ஒரு வரி: 'தாயின் கணக்கு நம்பத்தக்கதல்ல.' டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார்.

நான் பார்த்தது மூன்றே மூன்றுதான் என்று டாக்டரிடம் இன்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பதிவு முழுவதையும், ஒன்று விடாமல், உங்கள் கண்ணால் பார்த்துக் கொடுங்கள், அதை வைத்துத்தான் ஏப்ரலை முடிவு செய்வேன் என்றார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

ஷிஃபானா அசைவை அறியும் சில்லு ஒன்றைப் பெட்டிக்குள் வைக்க, இங்கே இருந்த தொப்பிகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். போகும்போது, சோமனூரில் இருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் இதை முதலில் செய்திருக்க வேண்டும் மேடம் என்றாள். இந்தப் பெண் பெரிய ஆளாக வருவாள்.

மார்ச் 1, சனி

நூற்றெண்பது முடிந்தது. எல்லாம் சுவர். சுவரின் கோடு சீராக இருக்கிறது, அளந்து வைத்ததுபோல. நிஜ வலிப்பு முன்மண்டையில் உயரமாக எழும், முடியும்போது கொஞ்சம் தளரும்.

மார்ச் 3, திங்கள்

முந்நூற்று ஐம்பது. ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து மேசை இழுப்பறையில் தனியாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. நானூற்றுப் பதினொன்று சுவர்.

இழுப்பறையில் இருப்பது பிப்ரவரி பத்தொன்பது, புதன், மாலை ஐந்து நாற்பத்திரண்டு. ஏழு நொடி. முன்மண்டையில் உயரம், முடிவில் தளர்வு. பத்துத் தடவை பார்த்துவிட்டேன். பத்துத் தடவையும் அதுவேதான்.

ஏழே நொடி. இதையும் சுவர் என்று எழுதினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஷிஃபானாவுக்குத் தெரியாது, டாக்டர் என் கண்ணை நம்புகிறார். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பரீட்சையைக் கடன்பட்டிருக்கிறேன். அம்மாவின் கையைப் பிடித்து ஒன்றுமே இல்லை என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளை அவர்கள் தொப்பியைத் திருப்பித்தர வருகிறார்கள். படிவம் முன்னால் இருக்கிறது, இன்னும் எழுதவில்லை.

மார்ச் 5, புதன்

பத்தரைக்கு வந்தார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் அரை மணி இருந்தது. வர்ணிகா தொப்பியை மடித்து, பூக்கடைப் பொட்டலம்போலக் கைக்குட்டையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவளை வெளியே மீன் தொட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு துளசிமணி கதவைச் சாத்தினாள்.

"டாக்டருகிட்டப் போறதுக்கு மின்னாடி உங்ககிட்டச் சொல்லீரோணுமுங்க சிஸ்டர். ஒண்ணு வந்துச்சுங்க."

நோட்டை விரித்து என் பக்கம் திருப்பினாள். '19 புதன். சாயங்காலம் 5.40. முறுக்கு கேட்டாள். வாய் நின்றது. ஆறு எண்ணும் வரை.'

அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தேன். அவளே சொன்னாள். அவள் தறியில் நூல் சுற்றிய தார் மாற்றிக்கொண்டிருந்தாளாம். வர்ணிகா அந்தக் கோடியில் நின்று முறுக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"'முறு'ன்னதோட நின்னுபோச்சுங்க. ஒதடு குவிஞ்சாப்புல அப்புடியே இருந்துச்சு. நானு எண்ணுனேன். ஆறு. அப்பறம் 'க்கு'ன்னா."

நான்கு தறி ஓடுகிற குடோனில், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, ஒரு வார்த்தையின் பாதியில் நின்ற உதட்டை இந்தப் பெண் பார்த்திருக்கிறாள். எங்கள் தொப்பி அதை எண்ணியது உண்மைதான், ஆனால் நானூற்றுப் பதினொரு பொய்க்கு நடுவில் வைத்து எண்ணியது. அந்த ஒன்றை நிஜம் என்று அன்றைக்கே அறிந்த ஒரே ஆள் இவள்தான்.

இழுப்பறையைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து அவள் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நேரத்தைக் காட்டினேன். நேற்று அதைச் சுவர் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் சொன்னேன். உன் கணக்கை நம்ப முடியாது என்று படிவத்தில் எழுதியவளும் நான்தான், டாக்டர் இல்லை என்று சொன்னேன்.  அவள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குந் தோணுச்சுங்க" என்றாள். "எழுதாம ரண்டு நாளு நோட்டத் தொடவே இல்லீங்க. ஏப்ரலு வரைக்கும் ஆரு கேக்கப்போறாங்கன்னு இருந்துச்சு. அப்பறம் அவ சைக்கிள எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனா. ரோட்டத் தாண்டற வரைக்கும் வாசல்ல நின்னு பாத்தனுங்க. மாத்திரையயும் நிறுத்தீட்டு, நடு ரோட்டுல அந்த ஆறு எண்ற நேரம் வந்துச்சுன்னா? உள்ள போயி எழுதீட்டேன்."

அன்றைக்கு வீட்டில் நான் கையைப் பிடித்தபோது சொல்ல வந்தது இதுதானாம். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனாம், அதனால் வாய் வரவில்லையாம்.

டாக்டரிடம் இரண்டையும் வைத்தோம், அவள் நோட்டையும் என் பக்கத்தையும். அவர் வெகு நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது மாத்திரை வேண்டியதில்லை. பழைய மாத்திரை அதே அளவில் தொடரட்டும். ஏப்ரல் கிடையாது. அந்தப் புதன்கிழமையிலிருந்து மறுபடி எண்ண வேண்டும், முதலில் ஒரு வருடம் போகட்டும், அப்போது பார்க்கலாம் என்றார். வர்ணிகா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.  அம்மா அவள் முகத்துக்கு நேரே குனிந்து, குரல் இல்லாமல் என்னவோ சொன்னாள். எங்கள் யாருக்கும் புரியவில்லை. வர்ணிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதேபோலக் குரல் இல்லாமல் பதில் சொன்னாள். அழுகை நின்றுவிட்டது.

பன்னிரண்டு குழந்தைகளின் படிவத்திலும் தாயின் குறிப்புக்கு ஒரு கட்டம் சேர்க்க டாக்டர் சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது துளசிமணி என் அறை வாசலில் நின்றாள். அந்த ஏழு நொடிப் பக்கத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். காட்டினேன். முள்ளின்மேல் விரலை வைத்து, இதுதானா, இவ்வளவுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"மத்த நேரமெல்லாம் எப்புடி இருக்குதுங்க? அதையுங் காட்டுங்க."

இருபத்து நான்கு வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் கெட்ட பக்கம்தான் வேண்டும், எனக்கும்தான். கணினியில் முதல் நாள் மாலையிலிருந்து திறந்தேன். சாதாரணமான, சின்னச் சின்ன அலைகள். ஒரு பக்கத்துக்குப் பத்து நொடி. இங்கே சாப்பிட்டிருக்கிறாள், இந்தப் புதர்போன்ற கறுப்பு மெல்லுவதால் வருவது என்றேன். இங்கே கண்ணை மூடியிருக்கிறாள், மூடினால் பின்மண்டையில் அலை இப்படி அழகாக எழும் என்றேன். வர்ணிகா நாற்காலிக் கையில் ஏறி உட்கார்ந்து, இது நான் காற்றாடி ஊதினபோது, இது நான் பல் தேய்த்தபோது என்று தானாகவே கதை கட்டிக்கொண்டிருந்தாள். துளசிமணி, மகள் பேசும்போது அவள் முகத்தைப் பார்ப்பதுபோலவே, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி சோமனூர் பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார்கள்.